முகாரியும் மடைக்காரரும்

குழைக்காதர் ஒரு வீட்டில் இரங்கற்பா பாடினார் என்றால் அன்று அந்தத் தெருவில் அடுப்பு எரியாது. தாமிரவருணிக் கரையில் இப்படி ஒரு பேச்சு இருந்தது. அது பொய்யும் இல்லை. செத்தவரைப் பிடிக்காதவர்கள்கூட அவர் பாட்டைக் கேட்டு அழுதார்கள்.

பாளையக்காரரின் தாயார் இறந்தபோது, பரம்பரைப் பகையில் இருந்த பங்காளிகள் வந்து, அவர் பாட்டைக் கேட்டுத் தரையில் புரண்டார்கள். அரண்மனை அவருக்குப் பல்லக்கு கொடுத்தது. பல்லக்கில் ஏறுமுன் குழைக்காதர் தெருவை ஒரு பார்வை பார்ப்பார். யார் யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டுதான் ஏறுவார்.

அவர் எழுதுவதற்கு ஒரு முறை இருந்தது. பின்கட்டில் ஓர் அறை. சன்னல் சாத்தியிருக்கும். குறுக்கே ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் தாணுமாலயன் உட்கார்ந்து வீணை வாசிப்பார். வாசிக்க வேண்டியது முகாரி. சில நாள் ஆகிரி. இரண்டும் நெஞ்சைப் பிழியும் ராகங்கள் என்று பெயர் வாங்கியவை.

"ஓய் தாணு, இன்னும் கொஞ்சம் இழும். நெஞ்சு கரையலை."

தாணு இழுப்பார். குழைக்காதர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். தொண்டை அடைத்து, கண்ணில் நீர் கட்டியதும் எழுத்தாணியை எடுப்பார். எழுதி முடிக்கும்வரை வீணை நிற்கக் கூடாது. ஒருமுறை தந்தி அறுந்தபோது ஒரு பாட்டு பாதியிலேயே நின்றுபோயிற்று. அந்த வீட்டுக்காரர்கள் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்த பிறகுதான் மீதி வந்தது.

ஆற்றுக்கு அக்கரையில், மருத மரத் தோப்பில் உலகம்மை இருந்தார். குழைக்காதரைவிட வயதில் நன்றாக இளையவர். அவரிடம் பாட்டுக் கற்றுக்கொள்ள ஆட்கள் வந்து தங்கினார்கள். உப்பு வியாபாரி ஒருவர், பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர், கைம்பெண்கள் இருவர், இன்னும் சிலர். உலகம்மை அதிகம் பேச மாட்டார். பேசினால் அது ஆற்றைத் தாண்டி வந்துவிடும்.

அந்த உப்பு வியாபாரி ஒருநாள் குழைக்காதரின் புகழ்பெற்ற இரங்கற்பாவை ஓலையிலிருந்து படித்துக் காட்டினார். உலகம்மை முழுவதும் கேட்டார்.

"வீணை வாசித்தவர் தேர்ந்த வித்துவான்" என்றார்.

இதுவும் ஆற்றைத் தாண்டி வந்தது. மறுநாளே குழைக்காதரின் பல்லக்கு பரிசலில் ஏறி அக்கரை போயிற்று.

"அம்மா, என் பாட்டை உங்களிடம் படித்தவர் கையில் வீணை இருந்ததா?"

"இல்லை. ஓலை மட்டும்தான்."

"பிறகு வீணை எங்கே கேட்டது?"

"வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் நிறைய இடம் விட்டிருந்தீர்கள். அங்கே யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள்."

குழைக்காதர் நின்றார். சுடச்சுடப் பதில் சொல்லத்தான் வந்திருந்தார். ஆனால் மேல்துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

அன்றுமுதல் அவர் உலகம்மைக்குச் சீடர். ஊர் வியந்தது. அரண்மனையில் சிலர் சிரித்தார்கள். அவர் கவலைப்படவில்லை. தோப்புக்குப் பல்லக்கில் வந்து, சீடர்களில் முதல் வரிசையில் உட்கார்ந்து, பல்லக்கில் திரும்பினார். பின்கட்டில் வீணையும் நிற்கவில்லை. உலகம்மை அதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது.

வெண்ணிலைப்பேரியில் பெரிய குளம் ஒன்று உண்டு. அதன் கரைக்குக் கீழேதான் ஊர். குளம் நிறைந்து, மிச்ச நீர் வெளியேறும் மறுகால் தாங்காமல், கரை கசியத் தொடங்கியது. இனி ஒரே வழி, குளத்தின் அடியில் இருக்கும் மடையின் கல்மூடியைத் திறப்பது. பெருவெள்ளத்தில் அதைத் திறக்க மேலிருந்து முடியாது. ஆள் மூழ்கிப் போய்த்தான் அசைக்க வேண்டும். மூடி திறந்ததும் தண்ணீர் ஆளையும் சேர்த்து உள்ளே இழுக்கும்.

மடைக்காரர் உச்சிமாகாளி இறங்கினார். மூடி திறந்தது. கரை நின்றது. ஊர் பிழைத்தது. அவர் மேலே வரவில்லை.

ஊரார் அவருக்குக் குளக்கரையில் ஒரு கல் நட முடிவு செய்தார்கள். கல் நடும் நாளில் அவர் பேரில் ஒரு பாட்டுப் பாட வேண்டும், பிறகு ஆண்டுதோறும் அதே நாளில் அதைப் பாட வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். பாட்டுக்கு யாரிடம் போவது என்பதில் இரண்டு பேச்சு இல்லை.

நாட்டாமை வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றார்.

"ஐயா, எங்க ஊரு சின்ன ஊரு. பல்லக்கு வர்ற பாதைகூடச் சரியா இல்லை."

"பாதை கிடக்கட்டும்" என்றார் குழைக்காதர். "ஒரு பாட்டுத் தருகிறேன். குளம் வற்றினாலும் கண்ணீர் வற்றாது."

அன்று பிற்பகலே திரை விழுந்தது. தாணு முகாரியை எடுத்தார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. குழைக்காதருக்கு அன்று கண்ணீர் சுலபமாக வந்தது. எழுத எழுத ஓலை நனைந்தது. 'கார்முகில் கண்ணீர் சிந்த, கயல்விழி மாது சோர' என்று தொடங்கிய பாட்டு, நிற்காமல் ஓடியது. தன் பாட்டுகளிலேயே இதுதான் தலை என்று அவருக்குத் தோன்றியது.

இறந்தவர் வீட்டில் முதலில் படித்துக் காட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். குழைக்காதர் தாணுவையும் வீணையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வெண்ணிலைப்பேரி போனார்.

உச்சிமாகாளியின் வீட்டு முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. அவர் மனைவி முப்பிடாதி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிற்றில் பிள்ளை, நிறைமாதம்.

தாணு வாசித்தார். குழைக்காதர் பாடினார். இரண்டாம் அடியிலேயே பெண்கள் முந்தானையை வாயில் வைத்தார்கள். பாட்டு முடியும்போது நாட்டாமை குலுங்கிக் குலுங்கி அழுதார். முப்பிடாதியின் கன்னத்திலும் நீர் வழிந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நல்லாயிருக்குய்யா. யாரைப் பத்தின பாட்டு?"

குழைக்காதருக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருந்தது.

"உன் வீட்டுக்காரனைப் பற்றித்தான் அம்மா."

"அவுக பேரு நடுவுல ஒரு தடவை வந்துது. அதான் கேட்டேன்." அவள் குரலில் குத்தல் இல்லை. "கயல்விழி மாது சோரன்னு வருதே, சோர்ந்து விழுந்தது யாரு?"

"நீதான்."

"நான் விழலையே ஐயா. கரை மேல நின்னுக்கிட்டுல்லா இருந்தேன்."



"நீங்க பெரியவுக. கோவிச்சுக்கப்படாது. அழுகை வந்துது, அழுதேன். ஆனா கண்ணைத் தொடச்சுட்டுப் பார்த்தா அவுகளைக் காணோம். என் வயித்துல இருக்கது அப்பன் முகம் பாக்கப் போறதில்லை. வருசா வருசம் இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் அதுக்கு அப்பனைத் தெரியணும். இதுல அவுக எங்க இருக்காகன்னு சொல்லுங்க, நான் பிள்ளைக்குக் காட்டிருதேன்."

நாட்டாமை, "ஏட்டி, யார்கிட்ட என்ன பேசுத?" என்று அதட்டினார். முப்பிடாதி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழைக்காதரைத்தான் பார்த்தாள். பதிலுக்காகக் காத்திருந்தாள்.

குழைக்காதர் ஓலையைக் கட்டினார். வண்டியில் ஏறும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. 

வண்டியை வீட்டுக்கு விடச் சொல்லவில்லை. நேரே தோப்புக்கு.

உலகம்மை மர நிழலில் உட்கார்ந்திருந்தார். சீடர்கள் சுற்றிலும் இருந்தார்கள். குழைக்காதர் நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது.

"ஊரே அழுதது. அவளும் அழுதாள். அழுதுவிட்டு, யாரைப் பற்றிய பாட்டு என்று கேட்கிறாள். அம்மா, நீங்கள் சொல்லுங்கள். குறை என் பாட்டிலா, அவள் காதிலா?"

உலகம்மை தாணுவைப் பார்த்தார். வீணையை உறையோடு அணைத்துக்கொண்டு அவர் ஓரமாக நின்றிருந்தார்.

"உட்காருங்கள். கொஞ்சம் முகாரி வாசிக்க முடியுமா?"

தாணு உட்கார்ந்து சுருதி சேர்த்தார். வாசிக்கத் தொடங்கினார். தோப்பில் அணில்கூட அசையவில்லை என்று தோன்றும்படி வாசித்தார். ராகம் நன்றாக இறங்கிய பிறகு, உலகம்மை மெல்லிய குரலில் பேசினார்.

"ஒரு வெள்ளைப் பூசணிக்காய். முற்றியது."

வீணை ஒரு சுரத்தில் நின்று நடுங்கியது.

"அதை இரண்டாகப் பிளக்க வேண்டும். உள்ளே இருக்கும் விதைகளை ஒன்றுவிடாமல் எடுத்துவிட வேண்டும்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"துருவித் துணியில் கட்டி, அதில் இருக்கும் நீரெல்லாம் போகும்வரை பிழிய வேண்டும். உளுந்தோடு பிசைந்து, சின்னச் சின்னதாகக் கிள்ளி, வெயிலில் வைக்க வேண்டும். வெயிலில் அது கிடக்கும். பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்."

கைம்பெண்களில் ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டாள். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"சாயங்காலம் உள்ளே எடுப்பார்கள். ஆனால் விடிந்தால் மறுபடியும் வெயில்தான்."

குழைக்காதரின் தொண்டை அடைத்தது. கண்ணில் நீர் கட்டியது. பழக்கத்தில் அவர் கை எழுத்தாணியைத் தேடியது.

"நன்றாகக் காய்ந்ததும் எண்ணெயில் பொரித்தால் மொறுமொறுவென்று இருக்கும்" என்றார் உலகம்மை. "புளிக்குழம்புக்குத் தொட்டுக்கொள்ளலாம்."

வீணை நின்றது.

 பிறகு உப்பு வியாபாரி கண்ணில் நீரோடு சிரித்துவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். குழைக்காதர் சிரிக்கவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது. பூசணி வடகத்துக்கு அழுத ஈரம்.

"இப்போது உங்கள் பாட்டைச் சொல்லுங்கள்" என்றார் உலகம்மை. "வீணை வேண்டாம்."

குழைக்காதர் ஓலையைப் பிரித்தார். எத்தனையோ சபைகளில் குரல் நடுங்காமல் பாடியவர். முதல் அடியைச் சொன்னார். எங்கோ காகம் கரைந்தது. இரண்டாம் அடியைச் சொன்னார். ஆற்றில் யாரோ மாட்டை அதட்டினார்கள். மூன்றாம் அடியில் அவர் நிறுத்திவிட்டார். தான் எழுதியதைத் தானே முதல்முறையாகக் கேட்டவர்போல ஓலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாணு தொண்டையைச் செருமினார்.

"அம்மா, நானும் ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்கள்."

"முகாரியை என் தங்கச்சி கல்யாணத்துல ஊஞ்சலுக்கு வாசிச்சிருக்கேன். எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டாக. அது அழுகை ராகம்னு இவரு வீட்டுக்குப் போன பெறகுதான் எனக்கே தெரியும்." சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நாள் திரைக்குப் பின்னால் இருந்த அந்த மனிதருக்கு இவ்வளவு அகன்ற மார்பு உண்டு என்று குழைக்காதருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார் குழைக்காதர். குரல் இறங்கியிருந்தது.

"அந்தக் குளம் எப்படி இருக்கிறது?" என்றார் உலகம்மை.

"குளமா?"

"ஆமாம். கரை எவ்வளவு உயரம்?"

"பார்க்கவில்லை அம்மா."

உலகம்மை எழுந்து, செடிகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

குழைக்காதர் அடுத்த நாள் வெண்ணிலைப்பேரிக்கு நடந்து போனார். பாதை உண்மையிலேயே மோசமாகத்தான் இருந்தது. சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

முதலில் குளக்கரை மேல் ஏறினார். ஏற மூச்சு வாங்கியது. ஒரு பக்கம் கடல்போலத் தண்ணீர். மறுபக்கம், காலுக்குக் கீழே வெகு ஆழத்தில், ஊரின் கூரைகளும் வயல்களும். நெல் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. அவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். 

முப்பிடாதி வீட்டு வாசலில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தாள். சேற்றுக் காலோடு வந்த புலவரைக் கண்டதும் எழப்போனாள்.

"எழுந்திருக்க வேண்டாம் தாயி. ஒரு பாட்டுக்கு வந்திருக்கேன். அவரைப் பத்திச் சொல்லுங்க."

அவள் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு சொன்னாள்.

"அவுக பெரிய திமிரு பிடிச்ச ஆளு" என்றாள். சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது. "கரை மேல நடந்தா, பண்ணையாரு எதுக்க வந்தாலும் ஒதுங்க மாட்டாக. என் மூச்சுலதான் உம்ம நெல்லு நிக்குன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லுவாக. மீசைக்கு எண்ணெய் தடவாம வெளியே எறங்க மாட்டாக. தண்ணிக்குள்ள போறதுக்கு எண்ணெய் எதுக்குன்னு கேட்டா, மீன் பாக்கும்லா என்பாக."

குழைக்காதர் சிரித்துவிட்டார். முப்பிடாதியும் சிரித்தாள்.

"அன்னைக்கு?"

"அன்னைக்குச் சோறு ரெண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்னாக. அப்பதான் ஆளு வந்து கூப்பிட்டாக. ஊருல பாதிப் பேரு வண்டி கட்டிட்டாக, மேட்டுக்குப் போயிருவோம்னு. அவுக கரை மேல நின்னு, எவனும் ஒரு சட்டியை நகத்தப்படாதுன்னு கத்துனாக. முதல்ல எறங்கினாக. மூடி வரலை. மேல வந்தாக. ரெண்டாவது எறங்கி, மேல வந்து, அசையுதுட்டின்னு என்கிட்டச் சொன்னாக. நாட்டாமை மாமா, போதும்டே, இனி எறங்காத, இழுத்துரும்னாரு. அதுக்கு அவுக சொன்னாக, நான் எறங்காம வேற எந்தப் பய எறங்குவான்னு."

"நீங்க தடுக்கலையா தாயி?"

"இல்லை." அவள் வலையைக் கீழே வைத்தாள். "அந்த நேரம் அவுக முகத்தைப் பாத்திருந்தா நீங்களும் தடுத்திருக்க மாட்டீக. மாப்பிள்ளையா நின்ன அன்னைக்குக்கூட அப்படி இல்லை."

அவள் மறுபடி வலையை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டாள். 

"மூணாவது எறங்கினாக. கரைக்கு இந்தப் பக்கம் வாய்க்கால்ல தண்ணி பொங்கிச்சு. செவந்த தண்ணி. மடை தெறந்துட்டு, மடை தெறந்துட்டுன்னு ஊரு பூராவும் கத்துச்சு. பொம்பளைக எல்லாரும் குலவை போட்டோம். நானும் போட்டேன், எல்லாருக்கும் மேல சத்தமா. அவுக மேல வரலைங்கது அதுக்குப் பெறகுதான் தெரியும்."

அவள் குளக்கரைப் பக்கம் பார்த்தாள்.

"தண்ணிக்குள்ள சத்தம் கேக்குமா ஐயா?"

குழைக்காதர் தெரியவில்லை என்று சொன்னார்.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. நாட்டாமை வீட்டில் தங்கினார். பகலெல்லாம் குளக்கரையில் உட்கார்ந்திருந்தார். திரை இல்லை, வீணை இல்லை. பக்கத்தில் பெண்கள் துணி அடித்துத் துவைத்தார்கள். ஆடுகள் ஓலையை மோந்து பார்த்தன. எழுத்தாணியை எடுப்பார், கை நகராது. கண்ணில் நீர் வரும்வரை காத்திருந்து பழகிய கை. நீர் வரவில்லை. வந்ததெல்லாம் எண்ணெய் தடவிய மீசைதான்.

ஒரு காலையில் அவர் குளத்தில் குளிக்க இறங்கினார். ஏதோ தோன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கிப் பார்த்தார். கண்ணைத் திறந்தால் கலங்கல். காதில் ஒரே இரைச்சல். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருந்தார். நெஞ்சு வெடித்துவிடும்போல ஆனதும் உதறிக்கொண்டு மேலே வந்தார். துணி துவைத்த பெண் ஒருத்தி அவர் முழுகி எழுந்த நேரத்துக்குள் கல்லில் ஒரு வேட்டியைக்கூட முழுசாக அடித்து முடித்திருக்கவில்லை.

ஈர வேட்டியோடு உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.

முப்பிடாதி பிள்ளை பெற்று எழுந்தாள். கல் நடும் நாள் வந்தது. சுற்று ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். குழைக்காதர் அழவைப்பார் என்று எதிர்பார்த்துப் பெண்கள் முந்தானையைத் தயாராக வைத்திருந்தார்கள். தாணுவும் வந்திருந்தார். கையில் வீணை இல்லை. கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்தார்.

குழைக்காதர் கல்லுக்குப் பக்கத்தில் நின்று பாடினார். பாட்டு நீளமில்லை. எண்ணெய் தடவிய மீசை வந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். பண்ணையாருக்கு ஒதுங்காத நடை வந்தபோது பண்ணையாரே தலையை ஆட்டினார். வேற எந்தப் பய இறங்குவான் என்ற சொல் அப்படியே பாட்டில் இருந்தது. அந்த இடத்தில் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் கோலை ஊன்றி எழுந்து நின்றார். அடுத்தவர் எழுந்தார். பிறகு எல்லாரும் எழுந்தார்கள். யாரும் எழச் சொல்லவில்லை.

உச்சி மூச்சை அடக்கினான்;
ஊர் மூச்சு விட்டது.

பாட்டு அங்கே முடிந்தது.  ஒரு கண்ணில்கூட நீர் இல்லை. வெண்ணிலைப்பேரி முழுவதும் கரை மேல் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

முப்பிடாதி கைப்பிள்ளையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாள். வலது கையை வாயருகே கொண்டுபோனாள். அவள் போட்ட குலவை குளத்தின் அக்கரையில் மோதித் திரும்பியது. அது அடங்குமுன் எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

குழைக்காதர் மறுநாள் தோப்புக்கு வந்தார். நடந்துதான் வந்தார். தாணுவும் கூட வந்தார். முதல் வரிசையில் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். குழைக்காதர் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்.

"ஒருவரும் அழவில்லை அம்மா" என்றார்.

"வருத்தமா?"

"இல்லை. கர்வமாக இருக்கிறது. பல்லக்குக் கிடைத்த அன்றுகூட இப்படி இருந்ததில்லை."

"யாரை நினைத்து?"

"என்..." என்று தொடங்கினார். நிறுத்தினார். "உச்சிமாகாளியை நினைத்து. எனக்கு அவரைத் தெரியும் என்று நாலு பேரிடம் சொல்ல வேண்டும்போல இருக்கிறது."

உலகம்மை தலையசைத்தார்.  மற்றவர்கள் தங்கள் பாட்டுகளைப் படித்தார்கள். வெயில் ஏறியது.

எழுந்து போகும் நேரத்தில் குழைக்காதர் தயங்கி நின்றார்.

"அம்மா, ஒரு கேள்வி பாக்கி. தாணு இனி என் வீட்டுக்கு வரலாமா? முகாரி கேட்காமல் எனக்கும் இருக்க முடியவில்லை. கேட்டால் பழைய குணம் வந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது."

தாணு வேறு பக்கம் பார்ப்பதுபோல நின்றார்.

"கூப்பிடுங்கள்" என்றார் உலகம்மை. "முன்கட்டில் உட்காரவைத்து நன்றாகச் சாப்பாடு போடுங்கள். பிறகு வாசிக்கச் சொல்லுங்கள். அவர் வாசித்து முடிக்கும்வரை எழுத்தாணியைத் தொடாதீர்கள். இத்தனை வருஷமாக உங்கள் வீட்டில் வாசிக்கிறார். நீங்கள் இன்னும் ஒரு முறைகூடக் கேட்டதில்லை."